பன்னிக் கிடா பாக்க ஜம்முனு இருக்கு, ஆனா ஈத்துக்கு 5, 6 குட்டிக்கு மேல வரமாட்டேங்குது, என்ன காரணமா இருக்குமுங்க?

மேட்டுக்காட்டுப் பண்ணை

எல்லாருக்கும் வணக்கமுங்க. நாமக்கல் பக்கம் 14 தாய்ப் பன்னி வச்சு வெண்பன்னி பண்ணை நடத்திட்டு வர்றேன், ஆறு வருஷமாச்சு. எல்லாமே லார்ஜ் ஒயிட் யார்க்‌ஷயர்தான். பழைய கிடாவுக்கு வயசாகுதேன்னு ஒன்றரை வருஷத்துக்கு முன்னாடி ஒரு பண்ணையில இருந்து புதுசா ஒரு கிடா வாங்கினேன், 8 மாசக் குட்டியா வந்துச்சு, இப்ப பாத்தீங்கன்னா நீளமான உடம்பு, காலு நல்லா ஊனி நிக்கும், 14 காம்பு, விதை ரெண்டும் ஒரே அளவு, பாக்குறவங்க எல்லாம் இது குட்டி இருந்தா எனக்கு ஒண்ணு குடுன்னு கேக்குற மாதிரி இருக்குமுங்க. சேர்க்கை விட்டா எந்தப் பிரச்சினையும் இல்ல, சுறுசுறுப்பா ஏறும். சினையும் நிக்குது, 21 நாள்ல திரும்பப் பருவத்துக்கு வர்றது ரொம்பக் கம்மி.

ஆனா குட்டி போடுறப்பதான் மனசு ஒடைஞ்சு போகுதுங்க. 5, 6, 4 இப்படித்தான் வருது. பொறக்குற குட்டி எல்லாம் நல்ல எடை, நல்லா பால் குடிக்குது, சாவு கூட கம்மி. எண்ணிக்கைதான் இல்ல. போன வாரம் ஒரு தாய் ராத்திரி 11 மணிக்கு ஆரம்பிச்சது, நானும் வீட்லயும் துணியை விரிச்சு வெதுவெதுன்னு தண்ணி வச்சுட்டு ஒக்காந்திருந்தோம், மூணு குட்டி போட்டுட்டு நஞ்சுக்கொடி முழுசா விழுந்துருச்சுங்க. இன்னும் இருக்கும் இன்னும் இருக்கும்னு விடியற வரைக்கும் பாத்துட்டு இருந்தோம். அவ்ளோதான்.

லோக்கல் டாக்டர்கிட்ட விந்து எடுத்து மைக்ராஸ்கோப்புல பாத்தாச்சு, அளவு நல்லா இருக்கு, ஓட்டம் நல்லா இருக்கு, கிடாவுல குறை இல்லன்னுட்டாங்க. அப்ப தாய்ப் பன்னியிலதான் குறையான்னு ரெண்டு தாயை கறிக்கு கழிச்சும் பாத்துட்டேன், ஒரு மாத்தமும் இல்ல. யாருக்காச்சும் இப்படி நடந்திருக்கா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

காவேரி ஃபார்ம்ஸ்

அண்ணா முதல்ல தீவனத்தைப் பாருங்க. ஹோட்டல் சாப்பாட்டுக் கழிவு போடுறீங்களா, இல்ல மக்காச்சோளம் அரைச்சு போடுறீங்களா? பூசணம் புடிச்ச மக்காச்சோளத்துல ஜியராலெனோன்னு ஒரு விஷம் இருக்கும், அது ஹார்மோன் மாதிரி வேலை பாத்து சினையையே கெடுத்துரும். இளம் பெண் குட்டிங்களுக்கு பருவம் வராமலே பின்பக்கம் செவந்து வீங்கி இருந்தா அதான்னு சந்தேகப்படலாம். அடுத்து வெயில். நம்ம ஊரு ஏப்ரல் மே வெயில்ல கிடாவுக்கு சூடு ஏறுச்சுன்னா அப்ப உருவாகிட்டு இருக்கிற விந்து கெட்டு, அது சரியாகுறதுக்கு ஒண்ணரை மாசத்துக்கு மேல ஆகும். மூணாவது பார்வோ வைரஸ், அது வந்தாலும் ஈத்து சுருங்கும். தடுப்பூசி போட்டீங்களா?

ஓய்வு பெற்ற கால்நடை மருத்துவர்

தம்பி, மேல சொன்னது எல்லாமே பாக்க வேண்டியதுதான், ஆனா நீங்க எழுதினதை ரெண்டு தடவை படிச்சேன், எனக்கு வேற ஒண்ணு உறுத்துது.

பார்வோ வந்திருந்தா குட்டி போடுறப்ப கருப்பா, காய்ஞ்சு சுருங்கின மம்மிக் குட்டிங்க கூடவே விழும், அதுவும் ஒரே அளவா இருக்காது, விரல் நீளத்துல ஒண்ணு, அதைவிட பெருசா ஒண்ணுன்னு படிப்படியா இருக்கும். ஏன்னா வைரஸ் கர்ப்பப்பைக்குள்ள ஒரு குட்டியில இருந்து அடுத்த குட்டிக்கு மெதுவா போகும். சினையாகி ஒரு 35 நாளுக்கு அப்புறம் செத்தா எலும்பு உருவாகியிருக்கும், அதனால மம்மியா தங்கிரும். அதுக்கு முன்னாடியே செத்த கரு அடையாளமே இல்லாம தாய் உடம்புலயே கரைஞ்சு போயிரும். லெப்டோங்கிற எலிக்காய்ச்சல் கிருமின்னா கடைசி மாசத்துல கலையும். புரூசெல்லாங்கிற கிருமின்னா கிடாவுக்கு விதை வீங்கும், திரும்பத் திரும்பப் பருவத்துக்கு வரும், அது மனுஷனுக்கும் தொத்தும், அதனால எதுக்கும் அந்த ரத்தப் பரிசோதனை பண்ணிடுங்க. வெயில்னா வெயில் மாசத்துல விட்ட சேர்க்கைல மட்டும் குறையணும், வருஷம் பூரா குறையக் கூடாது.

உங்களுக்கு மம்மி விழுந்துச்சா? கலைஞ்சுதா? அதைவிட முக்கியமா ஒண்ணு கேக்குறேன். குறிப்பு நோட்டு வச்சிருப்பீங்கல்ல, அதை தாய் நம்பர் வாரியா பாக்காம கிடா வாரியா பிரிச்சுப் பாருங்க. பழைய கிடாவுக்கு எத்தனை ஈத்து, எத்தனை குட்டி, புதுசுக்கு எத்தனை. ஒரே தாய் ரெண்டு கிடாவுக்கும் போட்டிருந்தா அதைத் தனியா எழுதுங்க. எழுதிட்டு இங்க போடுங்க, அப்புறம் பேசுவோம்.

மேட்டுக்காட்டுப் பண்ணை

டாக்டர் ஐயா, ராத்திரி ஒக்காந்து எழுதிட்டேனுங்க. எழுதி முடிச்சப்ப கை நடுங்கிருச்சு.

பழைய கிடாவுக்கு கடைசி ரெண்டு வருஷத்துல 11 ஈத்து: 10, 9, 11, 10, 8, 12, 10, 11, 9, 10, 11. மொத்தம் 111, சராசரி 10 குட்டி.

புது கிடாவுக்கு 9 ஈத்து: 5, 6, 4, 6, 7, 5, 3, 6, 5. மொத்தம் 47. சராசரி 5 சொச்சம்.

ரெண்டுக்கும் போட்ட தாய் நாலு இருக்குங்க. 3ஆம் நம்பர் பழைய கிடாவுக்கு 11, புதுசுக்கு 5. 7ஆம் நம்பர் 10, அப்புறம் 6. 8ஆம் நம்பர் 12, அப்புறம் 6. 11ஆம் நம்பர் 9, அப்புறம் 4. அதுல 8ஆம் நம்பருக்கு நடுவுல ஒரு தடவை மறுபடி பழைய கிடாவே விட்டேன், 11 போட்டுச்சு.

மம்மி ஒண்ணு கூட விழல. கலையவும் இல்ல. ஹோட்டல் கழிவு கொஞ்சம்தான், சோளம் காஞ்சதா பாத்துத்தான் வாங்குறேன், எப்படிப் பாத்தாலும் ரெண்டு கிடாவுக்கு விட்ட தாய்ங்களும் ஒரே கொட்டாய், ஒரே தீவனமுங்க. 9 ஈத்துல 43 குட்டி குறைவு, குட்டி 4000னு வச்சாலும் 1.72 லட்சம். அதைவிட நான் அநியாயமா ரெண்டு நல்ல தாயைக் கழிச்சுட்டேனேன்னுதான் இருக்கு.

இன்னொரு விஷயம். இந்த கிடாவோட பொண்ணுங்க மூணைத் தாய்க்கு நிறுத்தியிருக்கேன், ஒண்ணு பழைய கிடாவுக்கு விட்டு முதல் ஈத்து போட்டுச்சு, 5 குட்டிதான். ஆண் குட்டி ரெண்டைத் தெரிஞ்சவங்களுக்கு கிடாவுக்குன்னு வித்திருக்கேன்.

ஓய்வு பெற்ற கால்நடை மருத்துவர்

தம்பி, தாய் அதே, தீவனம் அதே, கிடா மாறினா மட்டும் பாதியாகுது. திரும்ப பழைய கிடா விட்டா மறுபடி 11. இது கிடாவுலதான். அதுவும் விந்து நல்லா இருந்து, சினை நின்னு, மம்மி இல்லாம, பொறக்குற குட்டி நல்லா இருந்து, எண்ணிக்கை மட்டும் பாதின்னா நான் முதல்ல சந்தேகப்படுறது குரோமோசோம் இடமாற்றம், டிரான்ஸ்லொக்கேஷன்னு சொல்லுவாங்க. பொண்ணு முதல் ஈத்துல 5 போட்டதை வச்சு மட்டும் முடிவு பண்ணக் கூடாது, முதல் ஈத்து எப்பவும் கொஞ்சம் கம்மியாத்தான் வரும். ஆனா கணக்குல வச்சுக்கணும்.

அந்த மூணு பொண்ணையும் இப்போதைக்கு சேர்க்கைக்கு விடாதீங்க. கிடாவையும் நிறுத்துங்க. தாய்ங்களைக் கழிச்சதுக்கு உங்களை நீங்களே திட்டிக்காதீங்க, முப்பது வருஷம் சர்வீஸ்ல இருந்த எங்களுக்கே முதல்ல தாய் மேலதான் சந்தேகம் வரும்.

மரபியல் மாணவி

அண்ணா, நான் எம்விஎஸ்சி விலங்கின மரபியல் படிக்கிறேன், டாக்டர் சார் சொன்னதை கொஞ்சம் விரிவா சொல்றேன், நீளமா இருந்தா பொறுத்துக்கோங்க, இது எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம்.

பன்னிக்கு 38 குரோமோசோம், 19 ஜோடி. ஒவ்வொண்ணும் ஒரு புத்தகம்னு வச்சுக்கோங்க, எல்லாப் புத்தகமும் ரெண்டு ரெண்டு காப்பி. உங்க கிடாவுக்கு நடந்திருக்கிறது என்னன்னா, ஒரு புத்தகத்தோட கடைசி 50 பக்கம் கிழிஞ்சு இன்னொரு புத்தகத்துல பைண்டிங் ஆகி, அந்தப் புத்தகத்தோட பக்கம் இங்க வந்து ஒட்டிக்கிச்சு. மொத்தத்துல ஒரு பக்கம் கூட தொலையல, இடம்தான் மாறியிருக்கு. அதனால கிடா நல்லாத்தான் வளரும், நல்லாத்தான் இருக்கும், வெளிய ஒரு அடையாளமும் தெரியாது. பிரச்சினை விந்தணு உருவாகுறப்ப. ஒவ்வொரு விந்தணுவுக்கும் ஒவ்வொரு காப்பிதானே போகணும், அப்ப சிலதுக்கு ரெண்டும் நல்ல புத்தகமா போகும், சிலதுக்கு மாறின ரெண்டும் சேந்தே போகும், இந்த ரெண்டு வகையும் முழுசா இருக்கிறதால குட்டி பொழைச்சுக்கும். மீதிக்கு ஒரு நல்லது ஒரு மாறினதுன்னு கலந்து போயிரும், அதுல சில பக்கம் ரெண்டு தடவை இருக்கும், சில பக்கம் இருக்கவே இருக்காது. அந்த விந்தணுவும் நல்லாத்தான் நீந்தும், முட்டையோட நல்லாத்தான் சேரும், அதனாலதான் மைக்ராஸ்கோப்புல எதுவும் தெரியல. ஆனா அதுல உருவாகுற கரு சில நாள்ல, சில வாரத்துல செத்துக் கரைஞ்சுரும். ரொம்ப அபூர்வமா ஊனத்தோட பொறக்குறதும் உண்டு.

பன்னி ஒரு பருவத்துல 15, 20 முட்டை விடுறதாலதான் இது ஒளிஞ்சுக்குது. மாட்டுல ஒரே கரு, செத்தா சினை நிக்கல, பருவம் திரும்ப வருதுன்னு கண்ணுக்குத் தெரியும். பன்னியில பாதி கரு செத்தாலும் மீதி இருக்கிறதால சினை நின்னுரும். பன்னி சினை தங்க ஆரம்பத்துல குறைஞ்சது நாலு கருவாவது உசுரோட இருக்கணும், 12 நாள் வாக்குல அந்தக் கருக்கள் விடுற ஹார்மோனை வச்சுத்தான் தாய் உடம்பு சினைன்னே தெரிஞ்சுக்கும். அதுக்கும் கீழ போனா மொத்தமா கலைஞ்சு திரும்ப பருவத்துக்கு வந்துரும்.

இதை முதல்ல கண்டுபிடிச்சது ஸ்வீடன்ல, 1964ல. ஹென்ரிக்சன், பேக்ஸ்ட்ரோம்னு ரெண்டு பேர், இதே மாதிரி ஒரு கிடா, ஆரோக்கியமா இருக்கு ஆனா ஈத்து பாதிக்குப் பாதி குறையுதுன்னு குரோமோசோமைப் பாத்தப்பதான் தெரிஞ்சது. அதுக்கப்புறம் பிரான்ஸ்ல துலூஸ் கால்நடை மருத்துவப் பள்ளியில, விந்து நிலையத்துக்கு எடுக்கப் போற இளம் கிடாக்களை வேலைக்கு விடுறதுக்கு முன்னாடியே பரிசோதிக்க ஆரம்பிச்சாங்க. 2002ல இருந்து 2006 வரைக்கும் பாத்த 7700 கிடாவுக்கு மேல 0.47 சதவீதத்துல இந்த மாதிரி கோளாறு இருந்திருக்கு, அதாவது கிட்டத்தட்ட 200ல ஒண்ணு. கேட்க கம்மியாத் தெரியும், ஆனா செமன் நிலையத்துல ஒரு கிடா ஆயிரக்கணக்கான தாய்க்குப் போகும். எந்த எந்தக் குரோமோசோம், எந்த இடத்துல உடைஞ்சதுங்கிறதைப் பொறுத்து ஈத்து குறையுற அளவு மாறும், கொஞ்சூண்டு குறையுறதும் உண்டு, மொத்தமா மலடாகுறதும் உண்டு. பாதி குறையுறது சாதாரணமா பாக்குறதுதான்.

ஒண்ணு மட்டும் மனசுல வச்சுக்கோங்க அண்ணா. பொழைச்சு வர்ற நல்ல குட்டிங்கள்ல பாதிக்கு இந்த மாறின குரோமோசோம் போயிருக்கும். ஆண் பெண் வித்தியாசம் இல்ல. பாத்தா அப்பா மாதிரியே அழகா இருக்கும்.

நெல்லைச் சீமை

அண்ணாச்சி, எதுக்கு இவ்ளோ தலவலி. கிடா பாக்க நல்லா இருக்குன்னு நீங்களே சொல்லுதிய, சந்தையில கிடாவாவே வித்துட்டு வேற வாங்கிருங்க. டெஸ்ட்டு அது இதுன்னு செலவு பண்ணி என்ன ஆவப்போவுது.

தக்கலை பன்னிப்பண்ணை

இப்படிச் சொல்லாதீங்க. நான் வாங்கி ஏமாந்தவன், அதனால சொல்லுதேன். எங்க ஏரியாவுல வீட்டுக்கு வீடு பன்னி உண்டு, எட்டு வருஷத்துக்கு முன்ன ஒருத்தர்கிட்ட நல்லா வளந்த கிடான்னு ஒண்ணு வாங்கினேன், விலையும் கொஞ்சம் கம்மியாத்தான் குடுத்தாரு, அப்பவே யோசிச்சிருக்கணும். 12 தாய், ஒரு வருஷத்துல ரெண்டு ஈத்து, ஈத்துக்கு நாலு அஞ்சு குறைஞ்சா நீங்களே கணக்கு போட்டுப் பாருங்க, நூறு குட்டி. பேங்க் லோன் தவணை அந்தக் குட்டியை நம்பித்தான். நான் தாயை மாத்தினேன், தீவனத்தை மாத்தினேன், தண்ணி டெஸ்ட் பண்ணேன், மந்திரிச்சுக் கயிறு கூட கட்டினேன். கிடா நினைப்பே வரல, அது அவ்வளவு லட்சணமா இருக்கும். அது பொண்ணுங்க ஆறை நிறுத்தினேன் பாருங்க, அதுலதான் பண்ணையே உக்காந்துச்சு. கிடாவைக் கழிச்சு புதுசு வாங்கின அப்புறமும் ரெண்டு வருஷம் மூணு நாலு தாய்க்கு மட்டும் அதே 5, 6. எங்க வீட்டம்மாதான் ஒருநாள் நோட்டைப் பாத்துட்டு, இந்த கம்மியாப் போடுறது எல்லாம் அந்தப் பழைய கிடா மக்கள்தானேன்னு கேட்டா. நான் டெஸ்ட் எதுவும் பண்ணல, அப்ப தெரியாது, இன்னைக்கு இந்தத் தங்கச்சி எழுதினதைப் படிச்சப்பதான் அது என்னன்னே புரியுது.

அதனால தெரிஞ்சுக்கிட்டே இன்னொருத்தன் தலையில கட்டாதீங்க. கறிக்குக் குடுங்க. கறியில ஒரு குறையும் கிடையாது.

நெல்லைச் சீமை

சரி அண்ணே, எனக்கு அது பொண்ணுங்க வழியாவும் போவும்னு தெரியாது. தப்பாச் சொல்லிட்டேன், மன்னிச்சுருங்க. கூடவே ஒரு சந்தேகம், எங்க பண்ணையில போன ஈத்துல ஒரு குட்டிக்குப் பெண் உறுப்பு இருக்கு, ஆனா அதுல சின்னதா கொம்பு மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கு, வயசு வந்தும் பருவம் வரல. அதுவும் இதே குரோமோசோம் கோளாறா?

மரபியல் மாணவி

அது வேற அண்ணா. பன்னியில அந்த மாதிரி ரெண்டுங்கெட்டான் குட்டிங்க பெரும்பாலும் 38 எக்ஸ்எக்ஸ், அதாவது குரோமோசோம் கணக்குல முழுசா பெண்தான், ஆனா உள்ள சினைப்பைக்குப் பதிலா விதைத் திசு வளந்திருக்கும். சினை நிக்காது, கறிக்கு வளத்துக்கோங்க. எண்ணிக்கையிலயே கோளாறு வர்றதும் உண்டு, 39 எக்ஸ்எக்ஸ்ஒய் கிடான்னா விதை சின்னதா இருக்கும், விந்தணுவே இருக்காது, அதெல்லாம் சீக்கிரம் கண்ணுல பட்டுரும். மேட்டுக்காட்டு அண்ணாவோட கிடா மாதிரி ஒளிஞ்சிருக்கிறதுதான் கஷ்டம்.

மேட்டுக்காட்டுப் பண்ணை

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. தக்கலை அண்ணா எழுதினதைப் படிச்சுட்டு நானும் வீட்லயும் ரொம்ப நேரம் பேசாம ஒக்காந்திருந்தோம். டெஸ்ட் பண்ணிரலாம்னு முடிவு பண்ணிட்டேன். எப்படி எடுக்கணும், எங்க குடுக்கணும்னு சொல்லுங்க. கிடா 220 கிலோ இருக்குமுங்க.

ஓய்வு பெற்ற கால்நடை மருத்துவர்

ரத்தம் 5ல இருந்து 10 மில்லி போதும். முக்கியமானது டியூப். பச்சை மூடி போட்ட ஹெப்பாரின் டியூப்தான் வேணும், ஊதா மூடி எடுக்காதீங்க, ரத்தத்துல இருக்கிற வெள்ளையணு உசுரோட லேபுக்குப் போகணும், அதை அங்க வளத்துத்தான் பாப்பாங்க. எடுத்த உடனே டியூப்பை மெதுவா தலைகீழா எட்டு பத்து தடவை திருப்புங்க, குலுக்க வேண்டாம். ஃப்ரீசர்ல வைக்கவே கூடாது, ஐஸ் மேல நேரா படவும் கூடாது, ஒரு துணியில சுத்தி தெர்மாகோல் பெட்டியில வச்சு மறுநாளைக்குள்ள சேர்த்துருங்க. மேல்தாடையில சுருக்குக் கயிறு போட்டு முன்னால தூணுல கட்டினாத்தான் 220 கிலோ நிக்கும், கழுத்துப் பக்கம் எடுக்கிறது உங்க டாக்டருக்குத் தெரியும், நீங்களா முயற்சி பண்ணாதீங்க. மூணு பொண்ணுக்கும் சேத்தே எடுத்துருங்க, டியூப் மேல காது நம்பர் எழுத மறக்காதீங்க.

எங்கன்னு கேட்டா முதல்ல வேப்பேரி சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியில விலங்கின மரபியல் துறைக்கு போன் பண்ணி, பன்னிக்கு இப்ப எடுக்குறாங்களா, எந்த நாள்ல கொண்டு வரணும்னு கேளுங்க. நம்ம நாட்டுல உறைவிந்து நிலையத்துக்கு எடுக்கிற காளைக்கு இந்த டெஸ்ட் பாக்கணும்னு விதியே இருக்கு, அதனால மாட்டுக்குப் பாக்குற லேப் இருக்கு. பன்னிக் கிடாவுக்கும் அதே மாதிரி வரணும்னு நான் சர்வீஸ்ல இருக்கும்போது மீட்டிங்குக்கு மீட்டிங் பேசியிருக்கேன்.

மரபியல் மாணவி

இதுல ஒண்ணு சேத்துக்கிறேன், ரொம்ப முக்கியம். லேப்ல கேக்கும்போதே பேண்டிங் பண்ணணும்னு சொல்லிடுங்க. ஏன்னா இந்தக் கோளாறுல எண்ணிக்கை மாறாது, எண்ணினா 38தான் வரும். வெறுமனே எண்ணிட்டு நார்மல்னு எழுதிக் குடுத்தா நம்பி வந்துராதீங்க. வெள்ளையணுவை மூணு நாள் வளத்து, பிரியுற நேரத்துல நிறுத்தி, ஸ்லைடுல வச்சு டிரிப்சின் போட்டு ஜீம்சா சாயம் ஏத்தினா ஒவ்வொரு குரோமோசோமுக்கும் வரிக்குதிரை மாதிரி பட்டை தெரியும், ஜோடி ஜோடியா அடுக்கும்போது ஒண்ணு நீளமாவும் இன்னொண்ணு குட்டையாவும் பட்டை மாறியும் இருந்தா அதான். சின்னத் துண்டு மாறியிருந்தா பட்டையிலயும் தெரியாமப் போகலாம், அதுக்கு இங்கிலாந்துல கென்ட் பல்கலைக்கழகத்துல ஒவ்வொரு குரோமோசோம் நுனியிலயும் ஒளிரும் சாயம் ஒட்டிப் பாக்குற முறை உருவாக்கியிருக்காங்க.

எண்ணிக்கை மாறுறதே எப்பவும் ஆபத்துன்னும் இல்ல. மேற்கு ஐரோப்பாவுல காட்டுப்பன்னிக்கு பெரும்பாலும் 36தான், ரெண்டு ரெண்டு குரோமோசோம் நுனியில ஒட்டி ஒண்ணாயிருக்கும், வீட்டுப் பன்னியோட சேந்தா 37ல குட்டி வரும், அந்தக் குட்டியும் குட்டி போடும். எண்ணிக்கை சரியா இருந்து உள்ள பக்கம் மாறினதுதான் நம்மளை இவ்வளவு அலைய வைக்குது.

மேட்டுக்காட்டுப் பண்ணை

அஞ்சு வாரம் கழிச்சு எழுதுறேனுங்க, மன்னிக்கணும்.

ரிசல்ட் வந்துருச்சு. கிடாவுக்கு எண்ணிக்கை 38, ஆனா ரெண்டு குரோமோசோம்ல துண்டு மாறியிருக்கு. அந்தப் போட்டோவைக் காட்டினாங்க, நம்ம விரல் நகத்துல மண்ணு ஒட்டின மாதிரி குட்டிக் குட்டியா அடுக்கியிருக்கு, ஒரு ஜோடியில மட்டும் ஒண்ணு தலையில தொப்பி வச்ச மாதிரி நீண்டு இருந்துச்சு. அந்தச் சின்னத் துண்டுக்காகவா ஒன்றரை வருஷம் அலைஞ்சோம்னு இருந்துச்சுங்க. மூணு பொண்ணுல ரெண்டுக்கு அதே கோளாறு, 5 குட்டி போட்டதுக்கும் இருக்கு. ஒண்ணு நார்மல், அது மட்டும் நிக்குது. கிடாவையும் அந்த ரெண்டையும் கறிக்குக் குடுத்தாச்சு. வண்டியில ஏத்துறப்ப வீட்ல அழுதுட்டாங்க.

கிடா குடுத்த பண்ணைக்கும் ரிப்போர்ட் அனுப்பிட்டேன், கோவமா இல்ல, அவங்களுக்கும் தெரிஞ்சிருக்காதுன்னுதான். அதோட அப்பா அம்மா ரெண்டுக்கும் எடுத்துப் பாக்குறேன்னு சொன்னாங்க. இது பரம்பரையாவும் வரும், புதுசாவும் உண்டாகும்னு லேப்ல சொன்னாங்க.

ஆண் குட்டி வாங்கின ரெண்டு பேருக்கும் போன் பண்றதுக்கு நாலு நாள் ஆச்சு எனக்கு. ஒருத்தர் அதைப் போன மாசமே கறிக்குப் போட்டுட்டாரு, ஏன்னு கேட்டேன், கால் வலிச்சு நொண்டுச்சுன்னாரு, அதுக்குள்ள ஒரே ஒரு தாய்க்குத்தான் விட்டிருக்காரு. இன்னொருத்தர் ராசிபுரம் பக்கம், ஆறு தாய்க்கு விட்டிருக்காரு, ரெண்டு குட்டி போட்டுருச்சு, 10ம் 11ம். அப்ப அதுக்கு இல்லாம இருக்கலாம்னு நினைக்கிறேன், ஆனா ரெண்டு ஈத்தை வச்சு சொல்லக் கூடாதுல்லங்களா டாக்டர் ஐயா. டெஸ்ட் செலவு என்னோடதுன்னு சொல்லிட்டேன். அவரு முதல்ல வேண்டாம்னாரு, அப்புறம் சரின்னுட்டாரு. வர்ற செவ்வாய்க்கிழமை காலைல போறோம், பச்சை மூடி டியூப் ரெண்டு அதிகமாவே வாங்கி வச்சிருக்கேன்.

ஓய்வு பெற்ற கால்நடை மருத்துவர்

10, 11 நல்ல அறிகுறிதான் தம்பி, ஆனா எடுத்துருங்க. செவ்வாய்க்கிழமை எடுத்தா புதன் காலைல லேப்ல இருக்கணும். போறதுக்கு முந்தின நாள் போன் பண்ணி உறுதிப்படுத்திக்கோங்க.